இல்லாத வீட்டின் இரைச்சல்

எங்கள் ஊர்மேல் போகிற உயர் அழுத்த மின்கம்பி முதன்முதலாக வாய் திறந்தது ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி வாக்கில், பொசபொசவென்று தூறிக்கொண்டிருந்தபோது. அது பேசிய முதல் பேச்சே ஒரு வசை, அதுவும் என் பேரைச் சொல்லி. நான் மாவு மில்லை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்று முழுசாகக் கேட்டேன். என் மச்சான் குரல். இரண்டு நாள் முன்னால் அவன் கம்பிக்குக் கீழே நின்று, கிளம்ப மறுத்த மொபெட்டை உதைத்துக்கொண்டே, "ஊத்துனதெல்லாம் குடிச்சுப்போட்டுப் பொகையத்தான் உடறே, நீயெல்லாம் உருப்படுவியா" என்று கத்தியிருந்தான். மொபெட்டைத்தான் திட்டுகிறான் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். கம்பி அதே வார்த்தைகளை அதே குரலில் சொல்லி, மொபெட் இருந்த இடத்தில் என்னை வைத்திருந்தது.

ஊரில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. கூனக்காட்டுப்புதூர்க்காரர்களுக்கு ஆச்சரியப்படுகிற வழக்கமே கிடையாது, கோபப்படத்தான் தெரியும். கேட்காமல் கொள்ளாமல் எங்கள் சோளக்காட்டில் கால் ஊன்றி, மூன்று தென்னை உயரத்துக்கு இரும்பு நட்டு, அதன்மேல் ஏழரை லட்சம் வோல்ட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு போன கம்பெனிக்காரன் போட்ட கம்பி வேறென்ன பேசும், தேவாரமா பாடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது எதைப் பேசுகிறது என்பது மட்டும் இரண்டாவது தூறலில் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் நேரில் திட்டுவதில்லை, எல்லாம் ஜாடைதான். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்ட வேண்டுமென்றால் கோழியைத் திட்டுவோம், சம்பந்தியைத் திட்ட வேண்டுமென்றால் கிணற்றுக் கயிற்றைத் திட்டுவோம், திட்டு வாங்கியவரும் தன்னிடத்துக் கோழியையோ கயிற்றையோ பிடித்து நின்று பதில் சொல்வார், இப்படியே இருபது வருஷம் ஒரு வார்த்தை நேரில் பேசாமல் மூச்சுமுட்டச் சண்டை போட்டவர்கள் இங்கே உண்டு. கம்பிக்கு அடியில் அப்படிப் பேசியதையெல்லாம் கம்பி வாங்கி வைத்துக்கொண்டு, தூறல் விழுந்ததும் கோழியை எடுத்துவிட்டு ஆளைப் போட்டுத் திருப்பிச் சொன்னது.

அதற்கப்புறம் மேகம் கறுத்தால் ஜனங்கள் துணியை எடுக்க ஓடவில்லை, குடையை எடுத்துக்கொண்டு கம்பியடிக்கு ஓடினார்கள். தன்னைப் பற்றி என்ன வருகிறதென்று கேட்கப் போகிறவன் அடுத்தவனைப் பற்றி வருவதையும் கேட்டு மகிழ்ந்து வந்தான். பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் மழை நாளாகப் பார்த்து வரத் தொடங்கினார்கள், இரண்டு சம்பந்தம் அப்படியே தட்டிப்போனது, ஒன்று அதனாலேயே கூடியது. ஆடு கோழிகள் மட்டும் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்த பழியெல்லாம் இறங்கிப்போன சுகத்தில் நன்றாக மேய்ந்து கொழுத்தன. கேட்ட எவரும் போய் ஏனென்று கேட்கவில்லை. கம்பி சொன்னது கம்பி சொன்னதுதான், வாய் சொன்னதாகக் கணக்கில்லை என்று ஊர் தானாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டது.

இதில் அதிகமாக அடிபட்ட பேர் தெய்வாத்தாள். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் நல்லசிவம் போய் நாலு வருஷம், பிள்ளைகுட்டி இல்லை, காட்டில் அவனோடு சேர்ந்து கட்டிய சாளை வீட்டில் தனியாகக் குடியிருந்தாள், கம்பி சரியாக அந்தச் சாளையின் ஓட்டுக்கு நேரே போயிற்று. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் சென்னியப்பன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலி ஒரு முழம் நகர்ந்தது. நகர்த்தியது அண்ணன் என்று தம்பியும் தம்பி என்று அண்ணனும் சொன்னார்கள், மழைத்தண்ணி அறுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நான் சொன்னதற்கு இருவரும் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவோம். அந்த வார்த்தையை சென்னியப்பன் அன்றைக்கு விட்டவன்தான், அண்ணன் பாடையைக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்தான். அவனுக்குத் திட்ட ஒரு வெள்ளாடு உண்டு, பேர் மொட்டைக்கொம்பி. தினமும் காலையில் அதை வேலியோரம் கட்டிவிட்டு, "ஏ மொட்டக்கொம்பி, புருசனத் தின்னுபோட்டும் பசி அடங்குலியா உனக்கு" என்று ஆரம்பிப்பான். தெய்வாத்தாள் பதிலுக்கு ஒரு கோழியைக்கூடத் திட்டியதில்லை. இப்போது கம்பி தூறலுக்குத் தூறல் அவள் ஓட்டுக்கு மேலேயே நின்று, ஊர் முழுக்கக் கேட்க, ஆட்டை எடுத்துவிட்டு அவள் பேரைப் போட்டு அதைச் சொன்னது.

அவள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். கம்பி திட்டுகிறது என்று எழுதவில்லை, கம்பி இரைகிறது, தூங்க முடியவில்லை என்று எழுதினாள், விவரமான பொம்பளை. கம்பெனியும் எழுதிக் கொடுத்தது: நல்ல தூறலில் ஒரு மணி நேரச் சராசரி ஐம்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால் கோபுரத்தைத் தள்ளி நட்டுவிடுகிறோம், தாண்டாவிட்டால் அம்மா வாயை மூடிக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் கணக்குப் போட ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். பெனிட்டா என்று பேர், தூத்துக்குடிப் பெண், முப்பது வயது இருக்கும், முக்காலி, மைக், லேப்டாப் எல்லாம் முதுகில் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து வந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் அவளுக்கு உட்காரக் கட்டில்கூடப் போடவில்லை. கம்பெனி ஆள் கம்பெனி ஆள்தானே.

அவள் கொண்டுவந்த மேப்பில் ஊரின் வீடுகளைப் புள்ளி புள்ளியாகப் போட்டு எண் கொடுத்திருந்தார்கள், மொத்தம் பதிமூன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் கம்பிச் சத்தம் எவ்வளவு வரும் என்று மாடல் சொல்லும். தெய்வாத்தாள் சாளை இருந்த இடத்தில் புள்ளியே இல்லை.

"இங்க மாட்டுச்சாளைன்னு போட்டிருக்குங்க. குடியிருப்பு இல்லைன்னு சர்வே பண்ணப்ப எழுதியிருக்காங்க" என்றாள் பெனிட்டா.

தெய்வாத்தாள் உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தாள். "இல்லாத வூட்டுல இருந்து தண்ணி கொண்டாந்திருக்கறன், குடிங்க அம்மிணி" என்றாள்.

பெனிட்டா குடித்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பதினான்கு என்று எழுதினாள். அந்தப் பெண்மேல் எனக்கு அன்றைக்குத்தான் முதல் மரியாதை வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கம்பி ஏன் இரைகிறது என்பதை அவள் எங்களுக்குச் சொன்னது இப்படி: "கம்பிக்கு அடியில தண்ணி சொட்டுச் சொட்டாத் தொங்கும்ல, ஒவ்வொரு சொட்டும் கூராகி நுனியில காத்து பொரியும். அந்தச் சத்தம்தான். கம்பி எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம், மழை எவ்வளவு, வீடு எவ்வளவு தூரம், இதைப் போட்டா மாடல் சொல்லிடும்." மாடல் அந்தப் பதினான்காம் புள்ளிக்கு நாற்பத்தொன்பது என்றது. தூறலில் மைக்கை வைத்தால் ஐம்பத்திரண்டு வந்தது. மைக்கை மாற்றினாள், முக்காலியை நகர்த்தினாள், சோதனை விசிலை ஊதிப் பார்த்தாள், மழையை அளக்கிற குப்பியைக் கழுவி வைத்தாள், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சும்மா நின்று காதால் கேட்டாள். கேட்டுவிட்டு மில்லுக்கு வந்து என்னிடம் சொன்னாள்:

"மூணு டெசிபல் கூட வருதுங்க. அது கம்பியோடது இல்ல. உங்க ஊரோடது."

"கம்பி வேற, ஊரு வேறன்னு ரெண்டு வருசமாக் கத்தறோம். இப்பத்தான் நீங்க பாதி வந்திருக்கறீங்க" என்றேன்.

அவளும் ஆச்சரியப்படாத ஜாதிதான். லேப்டாப்பில் புதிதாக ஒரு பத்தி திறந்து, யார் யாரோடு பகை, எத்தனை வருஷம், கம்பியிலிருந்து எத்தனை மீட்டர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாள், ஊரே விழுந்து விழுந்து சொன்னது. கத்துகிற சத்தத்துக்கும் கம்பிக்கும் சம்பந்தமில்லை, பகையின் வயசுக்குத்தான் சம்பந்தம் என்று கண்டுபிடித்தாள். இன்னொன்றும் கண்டுபிடித்தாள். பூசணிக்காய் களவுபோன விஷயத்தில் ஒன்பது வருஷம் ஜாடை பேசிய இரண்டு பெண்கள் ரேஷன் கடையில் நேருக்கு நேர் முட்டி முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த தூறலில் அவர்கள் பேச்சு கம்பியில் இல்லை, அளவிலும் அந்த மட்டுக்குக் குறைந்திருந்தது. "போய்ச் சேர வேண்டிய ஆள்கிட்டச் சேராத பேச்சுதான் கம்பியில தங்குது. நேர்ல சொல்லிட்டா கம்பிக்கு வேலையில்லை" என்றாள்.

ஊர் இதை உடனே பிடித்துக்கொண்டது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். அளக்கிற நாள் வரைக்கும் நேருக்கு நேர் சண்டை கூடாது, சண்டை போட்டால் அபராதமாக ஒரு நாள் முழுக்கக் கம்பியடியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வீடும் காலையில் ஒரு மணி, பொழுதோடு ஒரு மணி ஆட்டையோ மாட்டையோ ஓட்டிவந்து கம்பியடியில் மனசாரத் திட்ட வேண்டும். தெய்வாத்தாள்மேல் இருந்த பாசத்தால் இல்லை, கம்பெனிக்காரன் மூஞ்சியில் கரி பூசுகிற ஆசை. நாற்பது நாள் திட்டினோம். பழைய பகையைத் தூசி தட்டி எடுத்தோம், தீர்ந்துபோன பகையைக் கிண்டிக் கிளறினோம், பகை இல்லாதவர்கள் வெட்கப்பட்டுப்போய்ப் புதிதாக ஒன்று தேடிக்கொண்டார்கள், நான் மில் பெல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் என் மச்சானை நினைத்து அதைத் திட்டினேன், தொண்டை கட்டியவர்களுக்குச் சுக்குத் தண்ணி கொடுக்க ஆள் போட்டோம். சோதனைக்கு அளந்தபோது ஐம்பத்துநாலு வந்தது. அதற்குமேல் அசையவில்லை.

"இன்னும் ஒண்ணு ஏறணும்னா இப்ப திட்டுறவங்கள்ல கால்வாசிப் பேர் கூடுதலா வேணும்ங்க. டெசிபல் அப்படித்தான்" என்றாள் பெனிட்டா. கம்பெனிச் சம்பளம் வாங்கிக்கொண்டு எங்களுக்காக விரல் விட்டு எண்ணியது அந்தப் பெண்.

கால்வாசி ஊருக்குச் சமமான ஆள் ஒருத்தன் இருந்தான். சென்னியப்பன் இந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஆட்டைக் கட்டுவான், தடவிக்கொடுப்பான், போய்விடுவான். அவனுடைய பழைய வசைகளும் சொல்லிச் சொல்லித் தேய்ந்து கம்பியில் முனகலாக இருந்தன.

நான் சோளமாவு கொடுக்க தெய்வாத்தாள் சாளைக்குப் போயிருந்த ஒரு காலையில், என் கண்முன்னால் அவள் வேலியோரம் போனாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஜாடை பேசினாள், தன் எருமையின் கழுத்துக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஏ எருமெ, எத்தன வருசமாத் திட்டுனே, இன்னிக்கு மட்டும் வாய்க்கு என்ன கேடு? நாலு வார்த்த சொன்னாத்தான் என்ன? இந்தக் கம்பி போயிருமல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் சிரித்த முகமாக மொட்டைக்கொம்பியின் நெற்றியைச் சொறிந்துவிட்டான்.

"மொட்டக்கொம்பி, நீ தங்கம்டி. உன்னயத் திட்ட எனக்கு மனசு வருமா? நீ நூறு வருசம் அங்கயே இருக்கோணும். அந்தக் கம்பிக்கு அடியிலயே சவுக்கியமா இருக்கோணும்."

நாற்பது நாள் ஊர் திட்டியதையும் கேட்டவன் நான். அதைவிடக் கொடிய வசையை என் ஆயுசில் கேட்டதில்லை, அவன் கழுத்தை அங்கேயே நெரிக்கலாம் போலிருந்தது. தெய்வாத்தாள் எருமையை இழுத்துக்கொண்டு போனாள்.

அளக்கிற நாள் அடுத்த வருஷம் கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கே வானம் மூடி, பெனிட்டா கேட்டுவாங்கியது போல அளவான தூறல் விழுந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கார் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வாத்தாள் வாசலில் முக்காலி, ஊர் முழுக்கக் குடையோடு சுற்றி நின்றது, சென்னியப்பனும் ஆட்டோடு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்றான். கம்பி ஆரம்பித்தது. நாற்பது நாள் திட்டும் மூட்டை அவிழ்ந்து கொட்டியது, ஒருவர் பேரும் மிச்சமில்லை, கார்க்காரர்கள் பேர்கூட வந்தது. முதல் அரைமணியில் சராசரி ஐம்பத்துநாலு புள்ளி ஒன்று. பெனிட்டா எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நாற்பது நிமிஷம் ஆனபோது சரக்கு தீர்ந்தது, ஒவ்வொரு குரலாக அடங்கிக்கொண்டே வந்தது, மேலே கிடந்ததெல்லாம் போய் மூட்டையின் அடியில் கிடந்த ஒன்று மட்டும் கடைசியில் வந்தது.

"அது மாட்டுச்சாளைங்க. ஆளு யாரும் குடியில்லீங்க."

சென்னியப்பன் குரல். கோபமே இல்லாத குரல், சர்வேக்காரனுக்கு வழி சொல்கிற பணிவான குரல். கம்பி இழுக்கிறதுக்கு முன்னால், கோபுரத்துக்கு இடம் அளந்து முளைக்குச்சி அடித்த அன்றைக்குச் சொன்னது. அந்த ஒரு சொல்லில்தான் கோடு இவன் காட்டை விட்டு வளைந்து அவள் ஓட்டுக்கு மேலே வந்திருக்கிறது. கம்பி அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. ஆளு யாரும் குடியில்லீங்க, ஆளு யாரும் குடியில்லீங்க. பெனிட்டாவின் பெட்டியில் ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்திரண்டு என்று ஏறியது. கம்பி வாங்கி வைத்த பேச்சில் அதுதான் மூத்தது, சேர வேண்டியவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சராசரி ஐம்பத்துநாலரை ஆயிற்று, ஐம்பத்துநாலு புள்ளி எட்டு ஆயிற்று, ஐம்பத்தைந்தைத் தொட்டது. கார்க் கண்ணாடி இறங்கியது.

பெனிட்டா கையை உயர்த்தி, யாரும் பேசாதீர்கள் என்று சைகை காட்டினாள். நேரில் ஒரு வார்த்தை போனால் எல்லாம் போச்சு, அது தெய்வாத்தாளுக்கும் தெரியும், எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இன்னும் பதினைந்து நிமிஷம் அவள் நின்ற இடத்தில் நின்றால் கோபுரம் பெயர்ந்து போகும், ஓட்டுக்கு மேலே வெறும் வானம் இருக்கும். அவள் வேலியைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அக்கா, கால் மணி நேரம். கால் மணி நேரம் பொறுத்துக்குங்க, உங்களக் கையெடுத்துக் கும்படறன்."

"கால் மணி நேரம் நான் அந்த வூட்டுல இல்லாம இருக்கோணுமா?" என்றாள்.

நான் விலகி வழிவிட்டேன். அவள் கிளுவை வேலியைக் கையால் விலக்கி, முள் கிழிக்கக் கிழிக்க உள்ளே நுழைந்து, அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"சென்னியப்பா. அந்தச் சாளைல நான் இருக்கறன். உங்கண்ணன் உசுரு போன வூடுடா அது. ஆளு இல்லைன்னு சொன்ன வாய் இதுதானா?"

சென்னியப்பன் பழக்கத்தில் ஆட்டுக்குக் கையை நீட்டினான். மொட்டைக்கொம்பி எப்போதோ கயிற்றை உருவிக்கொண்டு போய் அவள் பக்கத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அவன் கை காற்றில் துழாவியது, பிறகு கீழே இறங்கியது. பதினொரு வருஷம் கழித்து அவளை நேராகப் பார்த்தான்.

"ஆமா நங்கெ. நாந்தான் சொன்னன். தெரிஞ்சுதான் சொன்னன்" என்றான்.

கம்பி நின்றுவிட்டது. பொரிகிற சத்தம் மட்டும், நீர்ச்சொட்டுகளின் சத்தம் மட்டும் இருந்தது. பெட்டியில் நாற்பத்தொன்பது. மாடல் சொன்ன அதே நாற்பத்தொன்பது, புள்ளிக்கு அப்புறமும் ஒன்றுமில்லை. சராசரி இறங்கி இறங்கி மணி முடிந்தபோது ஐம்பத்துநாலு புள்ளி ஏழில் நின்றது. கார்க் கண்ணாடி ஏறியது, கார் போயிற்று.

ஊர் அவளை விட்டுவைக்கவில்லை. நாற்பது நாள் தொண்டை கிழிந்ததே, கரி பூசுகிற நேரத்தில் கையைத் தட்டிவிட்டாயே என்று ஆளாளுக்கு அவள் வாசலில் போய் நின்று கேட்டார்கள், ஜாடையில் இல்லை, நேராகவே, நானும் கேட்டேன். எல்லோருக்கும் நேராகவே பதில் வந்தது, என் மில் மாவில் மண் இருக்கிறது என்பது உட்பட. அந்த ருசி பிடித்துப்போய் ஊரில் ஜாடைப் பேச்சு குறைந்துவிட்டது, சண்டை பெருத்துவிட்டது. நானும் என் மச்சானும் சந்தையில் வைத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டோம். கம்பி இப்போது தூறலில் பொரிகிறது, அவ்வளவுதான், கேட்க யாரும் குடை பிடித்துப் போவதில்லை.

பெனிட்டாவின் அறிக்கை தை மாதம் தாலுக்கா ஆபீசுக்கு வந்தது. சத்தம் எல்லைக்குள் இருக்கிறது, கோபுரம் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. கூடவே புது மேப் ஒன்றும் இருந்தது. அதில் பதினான்காவது புள்ளி மையில் அச்சாகி, பக்கத்தில் "வீடு, ஒருவர் குடியிருக்கிறார்" என்று போட்டிருந்தது.

சென்னியப்பன் மொட்டைக்கொம்பியை விற்றுவிட்டான். ஆடு இல்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திட்ட அவனுக்கு வரவில்லை. நெஞ்சில் இருப்பதைக் கொட்டாவிட்டால் சோறு இறங்காது என்பதால் தினமும் காலையில் வேலியைச் சுற்றிக்கொண்டு, காடு வழியாக, கம்பிக்கு அடியிலேயே நடந்து அவள் வாசலுக்கு வருகிறான். ஆளு யாரும் குடியில்லை என்று சொன்ன அதே வாயால், ஊர் முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறான்.

"ஏ நங்கெ! வூட்டுல இருக்கறயா?"

"இருக்கறன்டா. வா."